27 விளையும் 27 துடிப்புகள்: நீங்களே கட்டலாம் ஒரு கம்ப்யூட்டர்!

பாங்கில் கம்ப்யூட்டர். ஆபீசில் கம்ப்யூட்டர். ரெயில்வே கவுண்டரில் கம்ப்யூட்டர். சட்டைப் பையில் இருக்கும் செல்போனும் ஒரு கம்ப்யூட்டர்தான்.

"அது உள்ளே எப்படிக் கணக்குப் போடுகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். தினமும் அதன் முன்னால் 8 மணி நேரம் உட்காருகிறவர்கள்கூட விழிப்பார்கள்.

அது அவர்கள் குற்றம் அல்ல. விரல் நகம் அளவுள்ள சிப் ஒன்றில் இன்று கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. அவை ஒரு விநாடியில் பல கோடி முறை துடிக்கின்றன. அதைக் கண்ணால் எப்படிப் பார்ப்பது?

பார்க்க ஒரு வழி இருக்கிறது. பெரியதாக, மெதுவாக, மிக எளியதாக ஒரு கம்ப்யூட்டரை நம் கையாலேயே கட்டிவிடுவதுதான் அந்த வழி!

இது விளையாட்டுப் பேச்சு அல்ல. எத்தனையோ மாணவர்கள் இந்த முறையில்தான் டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் கற்றிருக்கிறார்கள். பத்தாவது படித்து, கூட்டல், கழித்தல் தெரிந்து, பொறுமையும் இருந்தால் போதும்.

எளிமைக்கு எல்லை

ஆல்பர்ட் பால் மால்வினோ என்ற அமெரிக்க ஆசிரியர் எழுதிய "டிஜிட்டல் கம்ப்யூட்டர் எலக்ட்ரானிக்ஸ்" என்ற புத்தகம் 1977-ல் வெளிவந்தது. இந்தியாவிலும் டிப்ளமோ, என்ஜினீயரிங் மாணவர்கள் பலர் படித்த புத்தகம் அது.

அதில் அவர் ஒரு கம்ப்யூட்டரை வடிவமைத்துக் காட்டினார். அதற்கு வைத்த பெயர் "சாப்-1". "இதற்கு மேல் எளிமையாக்க முடியாது" என்பது அந்தப் பெயரின் பொருள்.

அதன் நினைவகத்தில் 16 அறைகள் மட்டுமே. அதற்குத் தெரிந்த உத்தரவுகள் 5 மட்டுமே. எடு, கூட்டு, கழி, காட்டு, நில். அவ்வளவுதான்!

அண்மைக் காலத்தில் பென் ஈட்டர் என்ற அமெரிக்கர், ஏறக்குறைய இதே மாதிரிக் கம்ப்யூட்டரைப் பிரெட்போர்டில் கட்டி, ஒவ்வொரு ஒயரையும் விளக்கி யூடியூபில் படங்கள் வெளியிட்டார். அவற்றைப் பார்த்து உலகம் முழுவதும் பலர் கட்டத் தொடங்கினார்கள்.

மாடிப்படி விளக்கு

கம்ப்யூட்டரின் அடிப்படை "லாஜிக் கேட்". பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நீங்கள் தினமும் பயன்படுத்துவதுதான்.

ஒரு விளக்குக்கு இரண்டு சுவிட்சுகளை ஒன்றன் பின் ஒன்றாக வைத்தால், இரண்டையும் போட்டால்தான் விளக்கு எரியும். இது "அண்ட் கேட்". இரண்டையும் பக்கவாட்டில் இணைத்தால், எந்த ஒன்றைப் போட்டாலும் எரியும். இது "ஆர் கேட்".

சால் கட்டடத்து மாடிப்படி விளக்கைக் கவனித்திருக்கிறீர்களா? கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். கீழே போட்டுவிட்டு ஏறுகிறோம். மேலே போய் அணைக்கிறோம். இரண்டு சுவிட்சுகளும் வேறு வேறு நிலையில் இருந்தால் விளக்கு எரிகிறது. ஒரே நிலையில் இருந்தால் அணைகிறது. இதற்குப் பெயர் "எக்ஸ்-ஆர் கேட்".

கம்ப்யூட்டர் கூட்டுவது இந்த மாடிப்படி விளக்கால்தான்!

எப்படி? கம்ப்யூட்டருக்குத் தெரிந்தவை 0, 1 என்ற இரண்டு எண்கள் மட்டுமே. மின்சாரம் இல்லை என்றால் 0. இருந்தால் 1. நாம் ஒன்று, பத்து, நூறு என்று இடமதிப்பு வைக்கிறோம். அது 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போகிறது. நமது 5 அங்கே 101. அதாவது ஒரு 4, ஒரு 1.

0-ம் 0-ம் கூட்டினால் 0. 0-ம் 1-ம் கூட்டினால் 1. 1-ம் 1-ம் கூட்டினால்? அந்த இடத்தில் 0 எழுதி, அடுத்த இடத்துக்கு 1 கொண்டு போக வேண்டும். எழுதும் எண்ணைத் தருவது எக்ஸ்-ஆர் கேட். கொண்டு போகும் எண்ணைத் தருவது அண்ட் கேட். பள்ளிக்கூடத்தில் "மீதி ஒன்று" என்று விரலை மடக்கினோமே, அதே வேலைதான்.

இந்தத் தொடர்பை ஒழுங்காக எழுதிக் காட்டியவர் கிளாட் ஷானன் என்ற அமெரிக்க மாணவர். ஆண்டு 1937. சுவிட்சுகளால் தர்க்கமும் கணக்கும் செய்யலாம் என்று தமது பட்டமேற்படிப்புக் கட்டுரையில் அவர் நிறுவினார். அப்போது அவருக்கு வயது 21.

ஓர் ஆபீசு போல

கேட்டுகளைச் சேர்த்தால் கூட்டும் பகுதி கிடைத்துவிடும். ஆனால் கூட்டும் கருவி மட்டும் கம்ப்யூட்டர் ஆகிவிடாது. யார் எதை எப்போது செய்வது என்ற ஒழுங்கு வேண்டும். இதைப் புரிந்துகொள்ள ஒரு சிறிய ஆபீசை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நினைவகம் என்பது 16 அறைகள் உள்ள அலமாரி. ஒவ்வோர் அறையிலும் 8 இலக்கம் கொண்ட ஒரு சீட்டு.

"புரோகிராம் கவுண்டர்" என்பது டோக்கன் எண். 0-ல் தொடங்கி, அடுத்து எந்தச் சீட்டு என்று வரிசையாகச் சொல்லும்.

"ஏ ரிஜிஸ்டர்", "பி ரிஜிஸ்டர்" இரண்டும் குமாஸ்தா கணக்குக் குறித்துக்கொள்ளும் துண்டுக் காகிதங்கள்.

"இன்ஸ்ட்ரக்‌ஷன் ரிஜிஸ்டர்" என்பது மேஜை மேல் இப்போது இருக்கும் உத்தரவு.

எல்லாவற்றையும் இணைப்பது 8 ஒயர்கள். இதற்குப் பெயர் "பஸ்". இது பெஸ்ட் பஸ் அல்ல. இதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஏறலாம்! இரண்டு பகுதிகள் ஒரே நேரத்தில் ஒயரில் எண்ணைப் போட்டால் எல்லாம் குழம்பிவிடும். ஆகவே ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கதவு. முறை வரும்போது மட்டும் அது திறக்கும்.

எந்தக் கதவு எப்போது திறக்க வேண்டும் என்று சொல்பவர் ஹெட் கிளார்க். அதுதான் "கன்ட்ரோல் பகுதி". அவருக்குச் சுயபுத்தி கிடையாது. உத்தரவைப் பார்ப்பார், பட்டியலைப் பார்ப்பார், கதவைத் திறப்பார்.

கடைசியாகக் கடிகாரம். "555" என்ற ஐ.சி.யைக் கொண்டு விநாடிக்கு ஒரு துடிப்பு வரும்படி இதைச் செய்யலாம். 1972-ல் விற்பனைக்கு வந்த இந்த ஐ.சி. இன்றும் கடைகளில் கிடைக்கிறது. வேண்டுமானால் பொத்தானை அழுத்தி, ஒவ்வொரு துடிப்பாகவும் நகர்த்தலாம். படிப்பே இங்கேதான் இருக்கிறது!

27 வந்தது எப்படி?

20-ஐயும் 15-ஐயும் கூட்டி, அதில் 8-ஐக் கழிக்க வேண்டும். நம் கம்ப்யூட்டருக்கு இதை எப்படிச் சொல்வது?

கடைசி மூன்று அறைகளில் எண்களை வைக்கிறோம். 13-ம் அறையில் 20. 14-ம் அறையில் 15. 15-ம் அறையில் 8.

முதல் ஐந்து அறைகளில் உத்தரவுகள்:

0-ம் அறை: 13-ல் உள்ளதை எடு. (0000 1101)
1-ம் அறை: 14-ல் உள்ளதைக் கூட்டு. (0001 1110)
2-ம் அறை: 15-ல் உள்ளதைக் கழி. (0010 1111)
3-ம் அறை: விடையைக் காட்டு. (1110 0000)
4-ம் அறை: நில். (1111 0000)

முதல் 4 இலக்கம் என்ன செய்வது என்பது. அடுத்த 4 இலக்கம் எந்த அறை என்பது. காட்டுவதற்கும் நிற்பதற்கும் அறை தேவையில்லை. ஆகவே அங்கே வெறும் 0. இந்த எண்களைச் சிறு சுவிட்சுகளால் அலமாரிக்குள் ஏற்ற வேண்டும். இதுதான் புரோகிராம்!

இனி பொத்தானை அழுத்துங்கள்.

முதல் துடிப்பு: டோக்கன் எண் பஸ்சில் ஏறி அலமாரிக்குப் போகிறது. இரண்டாவது: டோக்கன் எண் ஒன்று கூடுகிறது. மூன்றாவது: அறையில் இருந்த உத்தரவு மேஜைக்கு வருகிறது. இந்த மூன்றும் எல்லா உத்தரவுக்கும் பொது.

அடுத்த மூன்று துடிப்பில் வேலை நடக்கிறது. "கூட்டு" என்றால், நான்காவதில் அறை எண் அலமாரிக்குப் போகும். ஐந்தாவதில் அங்குள்ள எண் பி ரிஜிஸ்டருக்கு வரும். ஆறாவதில் கூட்டுத்தொகை ஏ ரிஜிஸ்டரில் ஏறும்.

நான்கு உத்தரவுகளுக்கு 24 துடிப்பு. "நில்" என்ற சீட்டு மேஜைக்கு வந்ததுமே, அதாவது 27-வது துடிப்பில், கம்ப்யூட்டர் நின்றுவிடும். எட்டு விளக்குகளில் 00011011 என்று எரியும். 16-ம் 8-ம் 2-ம் 1-ம் சேர்ந்தால் 27!

நம் ஊர் மளிகைக் கடைக்காரர் மனக்கணக்கில் நொடியில் சொல்லும் விடைக்கு இது அரை நிமிடம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் அந்த அரை நிமிடத்தில் ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து எங்கே போனது என்று விளக்குகளில் பார்த்துவிட்டீர்கள். செல்போனுக்குள் பல கோடி மடங்கு வேகத்தில் நடப்பதும் அடிப்படையில் இதே வேலைதான்.

கழித்தலுக்கு டாக்சி மீட்டர்

கூட்டத் தெரிந்த கம்ப்யூட்டர் கழிப்பது எப்படி? இதற்காகத் தனிக் கருவி எதுவும் இல்லை.

000 முதல் 999 வரை காட்டும் ஒரு பழைய மீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அது பின்னால் சுற்றாது. 35-ல் இருக்கிறது. 8-ஐக் குறைக்க வேண்டும். என்ன செய்யலாம்? 992 முறை முன்னால் சுற்றுங்கள். 1027 ஆகும். மீட்டரில் மூன்று இடம்தானே? 027 என்று நிற்கும். விடை வந்துவிட்டது!

கம்ப்யூட்டரும் இதைத்தான் செய்கிறது. 8-ன் இலக்கங்களைத் தலைகீழாக்கி (0-ஐ 1 ஆகவும், 1-ஐ 0 ஆகவும்) அதோடு 1-ஐச் சேர்த்துக் கூட்டிவிடுகிறது. தலைகீழாக்கும் வேலையைச் செய்வது யார்? அதே எக்ஸ்-ஆர் கேட், மாடிப்படி விளக்கு!

மும்பையில் நடந்தது

முதலில் சிறியதைக் கட்டிக் கற்றுக்கொள், பிறகு பெரியதைக் கட்டு. இந்த முறைக்கு நம் மும்பை நகரமே சாட்சி.

1950-களில் கம்ப்யூட்டர் என்ற சொல்லே நம் நாட்டில் பலருக்குத் தெரியாது. அப்போது பம்பாயில் உள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம், கம்ப்யூட்டரை நாமே கட்டிவிடுவோம் என்று முடிவு செய்தது.

அந்தக் குழுவை நடத்தியவர் ஆர். நரசிம்மன். 1926-ல் சென்னையில் பிறந்தவர். கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் படித்தவர். அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்று, 1954-ல் பம்பாய் வந்து நிலையத்தில் சேர்ந்தார். குழுவில் இருந்த இளைஞர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தியதே இல்லை!

அவர்கள் எடுத்த எடுப்பில் பெரிய கம்ப்யூட்டரில் கை வைக்கவில்லை. முதலில் ஒரு சிறிய மாதிரியைக் கட்டினார்கள். 1956-ல் அது ஓடியது. அதில் கற்றதை வைத்துப் பெரியதைக் கட்டினார்கள். 1960-ல் அது வேலைக்கு வந்தது. 2,700 வால்வுகள், 1,700 டயோடுகள், 12,500 ரெசிஸ்டர்கள் கொண்டது. 1962-ல் பிரதமர் நேரு அதற்கு "டிஃப்ராக்" என்று பெயர் சூட்டினார்.

இந்தக் கதை அத்தோடு முடியவில்லை. 1975-ல் மத்திய அரசின் சி.எம்.சி. நிறுவனம் அமைவதிலும் நரசிம்மனுக்கு முக்கியப் பங்கு உண்டு. 1985-ல் டெல்லியில் தொடங்கிய ரெயில்வே கம்ப்யூட்டர் ரிசர்வேசனை உருவாக்கியது அந்த நிறுவனம்தான். ஊருக்குப் போக டிக்கெட் எடுக்கும் நமக்கும் அந்தச் சிறிய மாதிரிக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கிறது.

என்ன வாங்க வேண்டும்?

மேற்கு ரெயில்வேயில் கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் லேமிங்டன் ரோடு. எலக்ட்ரானிக்ஸ் சாமான்களுக்குப் பேர்போன இடம். தாதரில் வண்டி மாறிப் போகலாம்.

வாங்க வேண்டியவை: பிரெட்போர்டு, ஒற்றைக் கம்பி ஒயர், எல்.இ.டி. விளக்குகள், 330 ஓம் ரெசிஸ்டர்கள், "74" வரிசை ஐ.சி.க்கள்.

கூட்டுவதற்கு 74எல்.எஸ்.283 இரண்டு. தலைகீழாக்க 74எல்.எஸ்.86 இரண்டு. ஒவ்வொரு 8 இலக்க ரிஜிஸ்டருக்கும் 74எல்.எஸ்.173 இரண்டு. டோக்கன் எண்ணுக்கு 74எல்.எஸ்.161 ஒன்று. பஸ் கதவுகளுக்கு 74எல்.எஸ்.245. ஹெட் கிளார்க் வேலைக்குக் கேட்டுகளை வைத்துக் கட்டலாம். அல்லது 28சி16 என்ற இ.இ.பி.ராம் ஐ.சி.யில் பட்டியலை எழுதி வைத்துவிடலாம்.

நினைவகத்துக்கான 74எல்.எஸ்.189 இப்போது தயாரிக்கப்படுவதில்லை. கிடைத்தாலும் பழைய சரக்காக இருக்கும். கிடைக்காவிட்டால் 62256 போன்ற ராம் ஐ.சி.யைப் பயன்படுத்தி, அதில் 16 அறைகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

மின்சாரம்? தரமான 5 வோல்ட், 2 ஆம்பியர் செல்போன் சார்ஜர் போதும். 230 வோல்ட் பக்கம் கையே வைக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. ஒரு சம்பளத்தில் கடிகாரம். அடுத்த சம்பளத்தில் ரிஜிஸ்டர். பிறகு கூட்டும் பகுதி. இப்படிப் பிரித்து வாங்கினால் வீட்டுச் செலவில் கை வைக்காமல் ஓரிரு ஆண்டில் முடித்துவிடலாம். ஒரு பகுதியைச் சோதித்துப் பார்க்காமல் அடுத்த பகுதிக்குப் போகக் கூடாது. இது முக்கியம்.

கையில் பணம் இல்லையா? "லாஜிசிம்" என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் கேட்டுகளைத் திரையிலேயே இணைத்து ஓட்டிப் பார்க்கலாம். இஸ்ரேலைச் சேர்ந்த நோம் நிசான், ஷிமோன் ஷோக்கன் ஆகிய பேராசிரியர்கள் 2005-ல் எழுதிய புத்தகம், ஒரே ஒரு வகைக் கேட்டில் தொடங்கி முழுக் கம்ப்யூட்டர் வரை கட்டச் சொல்லித் தருகிறது. அதற்கான மென்பொருளும் இலவசம்.

தப்பு நடந்தால்தான் படிப்பு

முதல் முறையே சரியாக ஓடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஓடாதபோதுதான் உண்மையான படிப்பு தொடங்குகிறது.

27 வர வேண்டிய இடத்தில் 31 வந்தது என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 4. ஆகவே 4-ன் இடத்தில்தான் கோளாறு. எல்.எஸ். ஐ.சி.க்களில் கழன்று தொங்கும் ஒயரை ஐ.சி. பெரும்பாலும் 1 என்றே எடுத்துக்கொள்ளும். அப்படியானால் 4-ன் இடத்து ஒயர் எங்கோ கழன்றிருக்கிறது. பொத்தானை அழுத்தி ஒவ்வொரு துடிப்பாகப் பார்த்தால், எந்தப் பகுதியில் அந்த விளக்கு தப்பாக எரியத் தொடங்குகிறது என்று தெரிந்துவிடும்.

அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கும் இந்தப் பழக்கம்தான் மெக்கானிக்கின் மூலதனம். டி.வி. ரிப்பேருக்கும், மில் மெஷினுக்கும், ஆபீசுக் கணக்கில் விழும் வித்தியாசத்துக்கும் இதுவே வழி.

என்ன பயன்?

"இதைக் கட்டினால் வேலை கிடைக்குமா?" என்று கேட்கலாம். இது மட்டுமே வேலை வாங்கித் தராது. 16 அறை கம்ப்யூட்டரைக் கட்டியதற்கு யாரும் சர்டிபிகேட் கொடுப்பதில்லை.

ஆனால் ஐ.டி.ஐ.யிலோ டிப்ளமோவிலோ படிக்கும் உங்கள் மகனோ மகளோ இதைக் கட்டியிருந்தால், இன்டர்வியூவில் ஒரு கேள்விக்கும் மனப்பாடமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்காது.

பயன் வேலையோடு முடிவதும் இல்லை. கம்ப்யூட்டர் வந்தால் வேலை போய்விடும் என்று ஒரு காலத்தில் பாங்கு, எல்.ஐ.சி. ஊழியர்கள் அஞ்சினார்கள். போராடினார்கள். 1983-ல் பாங்கு நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் பிறகு கம்ப்யூட்டர் படிப்படியாக உள்ளே வந்தது. இன்று அதே அச்சம் "செயற்கை நுண்ணறிவு" என்ற பெயரில் திரும்பி வந்திருக்கிறது.

அந்த அச்சத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் எதைக் கண்டு அஞ்சுகிறோம் என்று தெரியாமல் அஞ்சுவது வேறு. தெரிந்து எதிர்கொள்வது வேறு. "கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது" என்று கவுண்டரில் யாராவது சொன்னால், உள்ளே இருப்பது சுயபுத்தி இல்லாத ஹெட் கிளார்க் என்பதும், யாரோ ஒருவர் எழுதிக் கொடுத்த சீட்டைத்தான் அது படிக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சீட்டில் தப்பு இருந்தால் விடையிலும் தப்பு இருக்கும். அதைக் கேட்கும் தைரியம் வரும்.

ஐந்து உத்தரவு போதாது என்று தோன்றும்போது ஆறாவதாக ஒன்றைச் சேருங்கள்: "விடை 0 ஆனால், இந்த அறைக்குப் போ." அதற்குச் சில கேட்டுகளும் சில ஒயர்களும் போதும். அன்று முதல் உங்கள் கம்ப்யூட்டர், வரும் விடையைப் பார்த்து அடுத்து எந்தச் சீட்டை எடுப்பது என்று முடிவு செய்யும்.

தொடங்குவதற்கு ஒரு பிரெட்போர்டு, ஒரு 555, ஒரு எல்.இ.டி. போதும். வரும் ஞாயிற்றுக்கிழமை லேமிங்டன் ரோட்டில் பல கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே போய் வாருங்கள்!